இறையிலியும் இறைவாக்கும்

‘இறை’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் பல. இறைவனும் இறை, அரசனும் இறை, அரசனுக்குக் குடிமக்கள் செலுத்தும் வரியும் இறையே. வரி நீக்கப்பெற்ற நிலத்தை நம் முன்னோர் ‘இறையிலி’ என்றனர். கோயில்களுக்கு விடப்பெற்ற தேவதானமும், சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பெற்ற பள்ளிச்சந்தமும் இவ்வாறு இறையிலியாக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வழிபாட்டுக்கும் அறத்துக்கும் உரிய உடைமையின்மீது வரி விதியாமல் அரசு விலகி நிற்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த வழக்கமன்று. இந்த மண்ணிலேயே வேர்கொண்டது.

திருவிவிலியத்திலும் இவ்வழக்கம் உண்டு. எகிப்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய நாளில் யோசேப்பு நிலங்களையெல்லாம் பார்வோனுக்கு உரிமையாக்கி, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வரியாக விதித்தார். குருக்களின் நிலத்தை மட்டும் விட்டுவிட்டார் (தொடக்க நூல், அதிகாரம் 47). பாரசீக மன்னன் அர்த்தக்சஸ்தா, எருசலேம் கோவிலின் குருக்கள், லேவியர், பாடகர், வாயிற்காவலர் எவர்மீதும் வரி சுமத்தலாகாது என ஆணை பிறப்பித்தான் (எஸ்ரா, அதிகாரம் 7). ஆனால் அதே திருவிவிலியத்தில் வேறொரு காட்சியும் உள்ளது. தெக்கோவாவின் வறண்ட மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த ஆமோஸ் பெத்தேலில் நின்று ஏழைகளுக்காகக் குரல் எழுப்பியபோது, அவர் வாயை அடைக்க முன்வந்தவர் அரசனின் படைத்தலைவர் அல்லர். பெத்தேலின் குரு அமட்சியா. இது அரசனின் புனித இடம், இங்கே இறைவாக்கு உரைக்காதே என்பதே அவர் சொன்ன காரணத்தின் சாரம் (ஆமோஸ், அதிகாரம் 7).

இறையிலி ஒருபுறம், இறைவாக்கு மறுபுறம். ஒன்றைப் பெற்றவர் மற்றொன்றைக் கைவிட வேண்டுமா? ‘வரிச்சலுகை பெறும் திருச்சபை அரசியல் பேசலாமா?’ என்று நம் நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வியின் உட்பொருள் இதுவே. கேட்பவர் எல்லாரும் திருச்சபையின் பகைவர் அல்லர். ஞாயிறுதோறும் நம்மோடு முழந்தாளிடுவோரும் இதைக் கேட்கின்றனர். எனவே கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் ஆராய்வது நம் கடமை.

குழம்பிய மூன்று இழைகள்

இவ்விவாதத்தில் வெவ்வேறான மூன்று காரியங்கள் ஒன்றாகப் பிசையப்படுகின்றன. முதலாவது, வழிபாட்டு இடங்களுக்கான சொத்துவரி விலக்கு. பொது வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டுப் பயன்படும் இடங்களுக்கு 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டமே இவ்விலக்கை அளித்தது. இரண்டாவது, வருமானவரி விலக்கு. 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அறப்பணிக்கோ சமயப்பணிக்கோ உரிய அறக்கட்டளையின் வருமானத்தில் நூற்றுக்கு 85 பங்கேனும் அப்பணிக்கே செலவிடப்பட வேண்டும் என்ற விதியுடன் விலக்கு தந்தது. 2006இல், பெயர் குறிப்பிடாத நன்கொடைகளுக்கு வரி விதித்தபோதும் முற்றிலும் சமய நோக்குடைய அறக்கட்டளைகளை விலக்கியே வைத்தார்கள். ஏழைக் கைம்பெண் உண்டியலில் இடும் காசுக்கு இரசீது கேட்க முடியாதல்லவா? மூன்றாவது, வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான உரிமம். இது வரிச்சலுகையே அன்று. நெருக்கடி நிலைக் காலமாகிய 1976இல் பிறந்து, 2010இல் புதுச் சட்டமாகி, 2020இல் மேலும் இறுக்கப்பட்ட தனிச் சட்டத்தின்கீழ் வரும் அனுமதி இது.

இம்மூன்றும் ஒரே சமயத்திற்குரிய சலுகைகளும் அல்ல. கோயில், பள்ளிவாசல், குருத்துவாரா, தேவாலயம் எதுவாயினும் சட்டம் ஒன்றுதான். அறப்பணி செய்யும் சமயச் சார்பற்ற சங்கங்களும் இவ்விலக்கைப் பெறுகின்றன. பலரும் அறியாத செய்தி இன்னொன்றுண்டு: வருமானவரிச் சட்டத்தில் 1970களின் இறுதியில் சேர்க்கப்பட்ட 13ஏ பிரிவின்படி, கணக்கு வைத்தல், தணிக்கை முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அரசியல் கட்சிகளின் நன்கொடை வருமானத்திற்கும் வரி இல்லை. வரிவிலக்கு பெறுபவர் அரசியல் பேசலாகாது என்பது விதியானால், இந்நாட்டில் முதலில் வாய்மூட வேண்டியவை கட்சிகளே!

எனவே ‘விலக்கு என்பது மௌனத்திற்கான கூலி’ என்னும் வாதம் தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. பொதுநலனுக்கு ஒருவர் செலவிடும் பணத்தைத் தானும் கேட்காமல் அரசு விட்டுவைப்பதே விலக்கு. வாய்ப்பூட்டுக்குத் தரும் விலையன்று. ஆயினும், அரசு எதையும் வரையறுக்கலாகாது என்று இதனால் ஆகிவிடாது. எங்கே கோடு கிழிப்பது என்பதுதான் வினா.

‘அரசியல்’ என்ற சொல்லின் அகலம்

நம் நாட்டில் கோடு கிழித்த சட்டங்களை ஒரு திறனாய்வாளன் பார்வையில் வாசித்தால், அவற்றின் முதற்குறை சொல்லின் அகலத்தில் இருப்பது புலப்படும். 1988ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் (தவறாகப் பயன்படுத்தல் தடுப்பு) சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சாபின் துயர நாள்களில், வழிபாட்டிடங்கள் ஆயுதக் கிடங்குகளாகிவிடாமல் தடுக்க எழுந்தது அது. அந்நோக்கம் நியாயமானதே. ஆனால் சமய நிறுவனத்தின் இடமும் நிதியும் விழாவும் ‘அரசியல் நடவடிக்கைக்கு’ப் பயன்படலாகாது என்று விதித்த அச்சட்டம், அரசியல் நடவடிக்கையைக் கட்சி, தேர்தல் என்ற அளவோடு நிறுத்தவில்லை. அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினையையும் கூட்டம், ஊர்வலம், நிதி திரட்டல், ஆணை வெளியிடல் முதலிய எவ்வழியாலும் பரப்புவதை அதனுள் அடக்கியது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை.

இதை எழுத்துக்கு எழுத்து பொருத்தினால் என்ன ஆகும்? 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். இதைக் கண்டித்து ஆகஸ்டு 10ஐத் திருச்சபை கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. அந்நாளின் ஊர்வலம் ‘அரசியல் தன்மையுள்ள பிரச்சினை’ அன்றோ? ஆயரின் சுற்றுமடல் ‘ஆணை’ அன்றோ? ஆயினும் அது எந்தக் கட்சிக்காக எழுந்த குரல்? நீதிக்கும் கட்சிக்கும் வேறுபாடு காணாத சொல்வலை, திருடனையும் காவற்காரனையும் சேர்த்தே பிடித்துவிடும்.

இதே குறை வெளிநாட்டு நன்கொடை விதிகளிலும் தலைகாட்டியது. 2011ஆம் ஆண்டின் விதிகள், பொதுப் பிரச்சினைகளுக்காகப் பந்த், கடையடைப்பு, சாலை மறியல், இரயில் மறியல், சிறை நிரப்பல் ஆகிய வழிகளை வழக்கமாகக் கையாளும் அமைப்பையும் ‘அரசியல் தன்மையுள்ள அமைப்பு’ என அறிவிக்க இடம் தந்தன. சிறை நிரப்பலைக் காந்தியடிகளிடம் கற்ற நாடு இது! இவ்விதியை எதிர்த்து இன்சாஃப் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில், 2020 மார்ச் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தெளிவான கோடு கிழித்தது. அரசியல் இலக்கு ஏதுமின்றி, தம் உரிமைக்காகப் போராடும் மக்களுக்குத் துணை நிற்பதாலேயே ஓர் அமைப்பை அரசியல் அமைப்பெனத் தண்டிக்கலாகாது; நேரடி அரசியலோடும் கட்சி அரசியலோடும் தொடர்புடையவற்றையே இவ்விதி கட்டுப்படுத்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வரிச் சட்டத்தில் இதே கோடு இன்னும் முன்னதாகவே, அதுவும் நம் சென்னையிலிருந்து சென்ற வழக்கிலேயே, கிழிக்கப்பட்டிருந்தது. ஆந்திர வணிகர் கழகத்தின் நோக்கங்களுள், வணிகத்தைப் பாதிக்கும் சட்டங்களை ஆதரித்தும் எதிர்த்தும் வலியுறுத்தல் என்ற ஒன்றும் இருந்தது. இது அரசியல், ஆகவே விலக்கு இல்லை என்றது வருமானவரித் துறை. 1965இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலைமை நோக்கம் பொதுநலம். சட்டத்தைப் பற்றிப் பேசுவது அந்நோக்கத்திற்குத் துணையான வழி மட்டுமே என்றது. வணிகர் தம் தொழிலுக்காகச் சட்டமன்றக் கதவைத் தட்டலாம் என்றால், மீனவருக்காகவும் உழவருக்காகவும் தட்டும் கை மட்டும் எப்படிக் குற்றமாகும்?

அமெரிக்கா காட்டும் பாடம்

அமெரிக்காவில் இவ்விவாதம் வேறு பாதையில் நடந்தது. செனட்டர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த 1954ஆம் ஆண்டுத் திருத்தம், வரிவிலக்கு பெறும் அறநிறுவனங்களும் சபைகளும் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பரப்புரை செய்யலாகாது என்றது. 1980இல் கருக்கலைப்பு உரிமைக் குழுவினர் சிலர், கத்தோலிக்கத் திருச்சபை இவ்விதியை மீறியும் வரித்துறை வாளாவிருக்கிறது என வழக்காடினர். ஆவணங்களை ஒப்படைக்க மறுத்த ஆயர் பேரவை அமைப்புகள் இரண்டுக்கும் 1986இல் நாளொன்றுக்கு மொத்தம் ஒரு இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டின் காரணமாக அது நிறுத்திவைக்கப்பட்டது. இறுதியில், வழக்குத் தொடுக்க அவர்களுக்குத் தகுதி இல்லை எனக் கூறி 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அதாவது, திருச்சபை செய்தது சரியா தவறா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை.

மாறாக, 1992 தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு நாளேடுகளில் கிளிண்டனுக்கு எதிராக விளம்பரம் வெளியிட்ட நியூயார்க் மாநிலச் சபை ஒன்று 1995இல் தன் வரிவிலக்கை இழந்தது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் 2025 ஜூலையில் அதே வரித்துறை, வழிபாட்டின்போது சபையார் தம் மக்களுக்கு வழக்கமான முறையில் வேட்பாளரைப் பற்றிப் பேசினால் அது தேர்தல் தலையீடு ஆகாது என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. அமெரிக்க ஆயர் பேரவையோ, தாங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்ற நிலையில் மாற்றமில்லை என உடனே அறிவித்தது. சட்டம் கதவைத் திறந்தபோதும் உள்ளே நுழைய மறுத்த அந்த முடிவு பாராட்டுக்குரியது. பலிபீடம் தேர்தல் மேடையானால் அதன் முன் நிற்கும் மக்கள் இரண்டாகப் பிளவுபடுவர். திருவிருந்தின் ஒற்றுமை எந்தச் சட்டமன்ற இருக்கையையும்விடப் பெரிது.

நம் நாட்டுத் தேர்தல் சட்டத்தின் 123ஆம் பிரிவும் இதை அறிந்தே, இன்னாருக்கு வாக்களித்தால் தெய்வக் குற்றம் நேரும் என்று அச்சுறுத்துவதை முறைகேடான செயல் என்கிறது. இது நம் மறைபோதகத்திற்கு விரோதமானதன்று, அதற்குக் காவலானது.

இடிந்தகரையும் குமாரலிங்கபுரமும்

தமிழகத்தில் இக்கேள்வி நூற்பொருளாக இராமல் மக்கள் வாழ்வில் இறங்கி நின்ற இடம் இடிந்தகரை. 1988இல் இராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்த உடன்பாட்டில் தோன்றிய கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து, 2011இல் அவ்வூர் லூர்து மாதா ஆலய வளாகத்தில் கடலோர மக்கள் திரண்டனர். சப்பானின் புகுசிமா விபத்தின் அச்சம் அப்போது புதிதாக இருந்தது. 2012 பிப்ரவரியில் அன்றைய தலைமை அமைச்சர் மன்மோகன் சிங், அமெரிக்காவைச் சார்ந்த தொண்டு நிறுவனங்களே இதற்குக் காரணம் என்னும் கருத்துப்பட அறிவியல் இதழொன்றுக்குப் பேட்டியளித்தார். அதே மாதத்தில் தொண்டு நிறுவனங்களின் வெளிநாட்டு நிதி உரிமங்கள் இரத்து செய்யப்பட்டன. தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சார்ந்த அமைப்புகளும் நடவடிக்கைக்கு உள்ளாயின. அணுமின் நிலையம் இயங்கலாம் என 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் கத்தோலிக்கரிடையேயும் கருத்து வேற்றுமை இருக்கலாம், இருக்கவும் செய்தது. ஆனால் அச்சமுற்ற மீனவப் பெண்கள் தம் கோயில் முற்றத்தில் அமர்ந்ததற்கு விடையாக, தொழுநோயாளர் மருத்துவத்திற்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நிதி பெறும் வழியை அடைப்பது பொருத்தமான விடையா? நிதி முறைகேடு இருப்பின் அதைக் கணக்கில் காட்டி நிறுவுவது அரசின் கடமை. உரிமத்தைக் கயிறாக்கிக் கழுத்தில் மாட்டுவது நீதியன்று. கயிறு இழுக்கப்படுவதைவிட, எந்த நேரமும் இழுக்கப்படலாம் என்ற நினைவே நிறுவனங்களை ஊமையாக்கிவிடும். 2020ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றொன்றுக்கு வழங்குவதைத் தடைசெய்தது. பெருநகர நிறுவனங்களின் வழியாகவே உதவி பெற்றுவந்த சிற்றூர்க் குழுக்களுக்கு அந்த ஊற்று வற்றியது.

இனி நம் கரிசல் பூமிக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரம், 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு அறிவித்த ஏழு பெரும் ஜவுளிப் பூங்காக்களில் ஒன்றுக்கு இடமாயிற்று. பரப்பு 1,052 ஏக்கர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வானம் பார்த்த மண்ணில் பருத்தியும் கம்பும் மல்லியும் போட்டு, மழை பொய்த்தால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் மக்களுக்கு இது நற்செய்தியாகவே இருக்கலாம். வேலை தேடித் திருப்பூருக்குப் போன மகன் வீடு திரும்பலாம். ஆயினும் கேள்விகள் எழாமலிரா. சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதைத் தமிழகம் அறியும். கண்மாய்க்கு நீர் வரும் ஓடை எப்படிக் காக்கப்படும்? நூற்பாலையில் சேரும் இளம்பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலியும் பாதுகாப்பான விடுதியும் உறுதியா? உள்ளூராருக்கு எத்தனை வேலை?

இவற்றைப் பேசச் சிற்றூர்ப் பங்கு ஒன்றின் மண்டபத்தில் மக்கள் கூடினால், அது ‘அரசியலா’? பங்குத்தந்தை கதவைத் திறந்துவிடலாமா, மறைமாவட்டத்தின் உரிமம் புதுப்பிக்கும் காலம் என்று பூட்டிவிட வேண்டுமா? நம் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் துடிக்கிறது. பூட்டினால், அந்த மண்டபம் இறையிலியாக இருக்கும்; ஆனால் அமட்சியாவின் பெத்தேலாகிவிடும். திறந்தால், எக்கட்சிக் கொடியும் இல்லாமல், எல்லாச் சமயத்தாருக்கும் இடம் தந்து, உண்மையை மட்டும் கேட்கும் மன்றமாக அதை நடத்தும் பொறுப்பு நம்மைச் சாரும்.

நம் பக்கத்துக் கணக்கு

அரசை விமர்சித்த எழுதுகோல் நம்மையும் விட்டுவைக்கலாகாது. உதவிபெறும் பள்ளிகளில் பணியாற்றும் குருக்கள், துறவியரின் ஊதியத்திற்கு வருமானவரி பிடித்தம் செய்வதை எதிர்த்து நம் நிறுவனங்கள் நெடிய வழக்காடின. 1944ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை முதல் இருந்துவந்த சலுகையை முன்வைத்தன. ஊதியத்தைச் சபைக்கே அளித்துவிடும் ஏழ்மை வாக்குறுதியையும், துறவிக்கு உலகியல் நிலையில் ‘மரணம்’ நிகழ்ந்துவிடுகிறது என்னும் திருச்சபைச் சட்டக் கருத்தையும் எடுத்துரைத்தன. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2019 மார்ச்சில் இதை ஏற்கவில்லை. 2024 நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. வழக்காடியது உரிமையே, துறவியரின் வாதத்தில் ஆன்மிக அழகும் உண்டு. ஆனால் பொதுநிலையினர் ஒருவர் மனத்தில் எழும் வினாவைத் தடுக்க இயலாது: நம் ஊதியத்திற்காகத் தலைநகர்வரை சென்ற ஊக்கம், அதே பள்ளியில் சொற்ப ஊதியத்திற்கு உழைக்கும் ஆயாவுக்கும் தற்காலிக ஆசிரியைக்கும் ஒருநாளேனும் எழுந்ததா? தன் சலுகைக்காக மட்டும் ஒலிக்கும் குரலை இறைவாக்கு என்று எவரும் ஏற்பதில்லை.

கணக்கைத் திறந்து காட்டுவது அடுத்த கடமை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது (537). இறைமக்கள் அளித்த காணிக்கைகளுக்கு இறைமக்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது (1287). குருக்கள் கட்சி அரசியலில் தீவிரப் பங்கு கொள்வதையும் பொதுவாகத் தடுக்கிறது (287). நாட்டுச் சட்டம் இவற்றைக் கேட்பதற்கு முன்பே நம் சட்டம் கேட்டுவிட்டது. கோவில் வாசலில் ஆண்டுக் கணக்கை ஒட்டிவைக்கும் பங்கை எந்த அதிகாரியின் அறிவிக்கையும் அச்சுறுத்த முடியாது. மூடிய பேரேடுதான் மூடிய வாய்க்கு முதற்காரணம்.

கப்பர்நாகுமில் கோவில் வரி கேட்டு வந்தவர்கள் முன் ஆண்டவர் செய்ததை எண்ணிப் பார்ப்போம் (மத்தேயு, அதிகாரம் 17). மக்களுக்கு வரி இல்லை என்று அவர் பேதுருவிடம் உரிமையை நிலைநாட்டினார். ஆயினும் பிறருக்கு இடறலாகாதபடி, மீனின் வாயிலிருந்த நாணயத்தை எடுத்துச் செலுத்தச் சொன்னார். பின்பு அதே கோவிலில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தார். வரி செலுத்தியதனால் அவர் பேசும் உரிமையை விலைக்கு வாங்கவில்லை. செலுத்தாதிருந்தாலும் அதை இழந்திருக்க மாட்டார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் இதையே கற்பித்தது. நாட்டு அதிகாரம் தரும் சலுகைகளின்மீது திருச்சபை தன் நம்பிக்கையை வைப்பதில்லை. முறைப்படி பெற்ற உரிமையேயானாலும், அதைப் பயன்படுத்துவது தன் சாட்சியத்தின் நேர்மையை ஐயத்திற்கு உள்ளாக்குமாயின் அதை விட்டுவிடவும் அணியமாயிருக்கும் என்பது ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 76ஆம் எண் தரும் கருத்து. சலுகையை வலிந்து துறக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். சட்டம் தருவதை நேர்மையாகப் பெறலாம். அநியாயமாகப் பறித்தால் நீதிமன்றத்தில் போராடலாம். ஆனால் சலுகையா, சாட்சியமா என்ற நெருக்கடி வருமாயின், எதைக் கைவிடுவது என்பதை முன்னதாகவே நாம் தீர்மானித்திருக்க வேண்டும்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2025இல் புதிய வருமானவரிச் சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு எனக் குறிக்கப்பட்டது. பிரிவுகளின் எண்கள் மாறும், படிவங்கள் மாறும். மாறாத ஒன்றைப் பொதுநிலையினராகிய நாம் பற்றிக்கொள்வோம். பங்கு நிதிக்குழுவில் அமர்வோம். கணக்கைக் கேட்போம், காட்டுவோம். தேர்தல் நாளில் எவருக்கு வாக்களிக்க வேண்டும் என்று பலிபீடத்திலிருந்து சொல்ல வேண்டாம் என நம் மேய்ப்பர்களை அன்போடு வேண்டுவோம். அதே அன்போடு, உழவனின் ஓடையும் தொழிலாளியின் கூலியும் பறிபோகும்போது வாளாவிருக்க வேண்டாம் என்றும் வேண்டுவோம். அதனால் உரிமம் ஒன்று போகுமாயின், அந்தச் செலவை நம் காணிக்கையால் ஈடுசெய்ய நாம் முன்வர வேண்டும். நம் கைப்பொருளால் வாழும் திருச்சபைதான் நம் குரலாலும் பேச முடியும்.